அப்பாவின் மைவியைத் தாழ்த்தலாமா? ஸ்போர்ட் ஸ்பிரிங் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காரைக் கழுவி, மெழுகு போட்டு, பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போதுதான் அது கண்ணில் படும். டயருக்கும் அதற்கு மேலே உள்ள ஃபெண்டர் விளிம்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. பக்கத்து வீட்டுக் காரில் அது இரண்டு விரல்தான். "ஸ்பிரிங் மாத்திட்டேன்டா, ஒரு மத்தியான வேலைதான்" என்று அவன் சொல்லிவிட்டால் அன்றிரவே கைப்பேசியில் தேடல் தொடங்கிவிடும்.

மலேசியாவில் இந்தக் கேள்வி அதிகம் எழுவது பெரோடுவா மைவியை வைத்துத்தான். 2005இல் அறிமுகமான நாளிலிருந்து நாட்டில் மிக அதிகமாக விற்கும் கார்களில் ஒன்று அது. இப்போது ஓடும் மூன்றாம் தலைமுறை மைவி 2017 நவம்பரில் வந்தது. ஏறக்குறைய ஒரு டன் எடைக்கு 1.5 லிட்டர் எஞ்சின் என்பதால் இளையர் கையில் அது ஸ்போர்ட் கார். ஆனால் அதே கார்தான் அம்மாவைச் சந்தைக்கும் தங்கையை டியூஷனுக்கும் கொண்டுபோகிறது. தீபாவளிக்கு ஐந்து பேரையும் பலகார டப்பாக்களையும் ஏற்றிக்கொண்டு பாட்டி வீட்டுக்கும் போகிறது. ஸ்பிரிங் மாற்றுவதா வேண்டாமா என்பதை இந்த இரண்டாவது வேலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்போர்ட் ஸ்பிரிங் என்றால் என்ன?

பட்டறைகளில் ஸ்போர்ட் ஸ்பிரிங் என்று சொல்வது, காரோடு வந்த சுருள் ஸ்பிரிங்கைவிடக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங். அப்சார்பர் பழையதாகவே இருக்கும், ஸ்பிரிங் மட்டும் மாறும். ஜெர்மனியின் எய்பாக், எச் அண்ட் ஆர், ஜப்பானின் டெய்ன் ஆகியவை இதில் பெயர் பெற்றவை. சாலையில் ஓட்டுவதற்காக விற்கப்படும் ரகங்கள் பெரும்பாலும் காரை 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை இறக்கும்.

'ஹை-லோ' அல்லது 'அட்ஜஸ்டபிள்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேறு. அதில் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே செட்டாக வரும், உயரத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். விலையும் பல மடங்கு.

குட்டையாக இருந்தால் போதாதா, ஏன் விறைப்பாகவும் இருக்க வேண்டும்? விஷயமே இங்கேதான் இருக்கிறது.

உயரம் குறையவில்லை, ஓடும் தூரம் குறைகிறது

சக்கரம் ஒரு குழியிலோ மேட்டிலோ ஏறும்போது மேல்நோக்கி நகர்கிறது. அது நகர்வதற்கென்று ஒரு தூரம் விட்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் தூரம் முடியும் இடத்தில் பம்ப் ஸ்டாப் என்ற ஒரு ரப்பர் கட்டை இருக்கும். சக்கரம் அதைத் தொட்டுவிட்டால் ஸ்பிரிங்கின் வேலை ஏறக்குறைய முடிந்தது. அடி நேராக காரின் உடம்புக்குப் போகும். 'டொக்' என்று முதுகில் இறங்குமே, அதுதான்.

காரை 30 மில்லிமீட்டர் இறக்கும்போது அந்த 30ஐ இந்தத் தூரத்திலிருந்துதான் எடுக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, ஆனால் சிறிய குடும்பக் கார்களின் நிலவரத்துக்குப் பக்கத்தில் இருப்பவை. ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது பின்சக்கரம் பம்ப் ஸ்டாப்பைத் தொட 70 மில்லிமீட்டர் மிச்சம் என்று வைப்போம். பின்பக்க ஸ்பிரிங் ஒவ்வொரு 2 கிலோவுக்கும் ஒரு மில்லிமீட்டர் அமுங்கும். பின்சீட்டில் மூன்று பேர், பூட்டில் பைகள். இதனால் ஒவ்வொரு பின்சக்கரத்திலும் கூடுதலாக 80 கிலோ ஏறுகிறது. ஸ்பிரிங் 40 மில்லிமீட்டர் அமுங்கும். இன்னும் 30 மில்லிமீட்டர் மிச்சம். தாமான் சாலையின் வேகத்தடை மேட்டை மெதுவாக ஏறி இறங்க அது போதும்.

இப்போது 30 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்போர்ட் ஸ்பிரிங். பழையதைவிட 25 விழுக்காடு விறைப்பு. அதே ஆட்கள், அதே பைகள். இது 32 மில்லிமீட்டர்தான் அமுங்கும். ஆனால் 30 ஏற்கெனவே போய்விட்டது. 70இல் 62 போக மிச்சம் வெறும் 8 மில்லிமீட்டர், அதாவது உங்கள் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாக்கி இதைச் சரிக்கட்ட முடியுமா? பழைய 30 மில்லிமீட்டர் மிச்சம் வேண்டுமென்றால், நான்கு மடங்கு விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். லோரியில் போவது போல இருக்கும்.

தனியாக ஓட்டும்போது "நல்லாதானே இருக்கு" என்று தோன்றுவதற்கும், குடும்பத்தோடு போகும்போது "என்னப்பா காடி இந்த அடி அடிக்குது" என்று பாட்டி கேட்பதற்கும் காரணம் இந்த 8 மில்லிமீட்டர்தான். சௌகரியம் மட்டும் இல்லை. வளைவின் நடுவே ஒரு சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் முட்டினால், அந்த நொடியில் அந்த மூலை திடீரென்று பல மடங்கு விறைப்பாகிவிடும். டயரின் பிடி சட்டென்று மாறும். மழை பெய்த சாலையில், ஐந்து பேரோடு, அது நடக்கக்கூடாத இடம்.

தாழ்த்தினால் வளைவில் நன்றாகத் திரும்புமா?

கொஞ்சம். ஆனால் நண்பர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் பாரம் மாறுவது காரின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிறிய காரில் அது தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். 550 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 மில்லிமீட்டர் இறக்குவது சுமார் 5 விழுக்காடு. அவ்வளவுதான். ஸ்போர்ட் ஸ்பிரிங் போட்டதும் கார் 'ஒட்டிக்கொண்டு' போவதாகத் தோன்றுவது பெரும்பாலும் விறைப்பினால். உடம்பு குறைவாகச் சாய்கிறது, ஸ்டீயரிங் சட்டென்று பதில் சொல்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மைவி உட்பட இந்த வகைக் கார்கள் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இருப்பது மேக்ஃபர்சன் ஸ்ட்ரட். அதன் கீழே உள்ள லோவர் ஆர்ம் முதலில் ஏறக்குறைய மட்டமாக இருக்கும். காரை இறக்கியதும் அதன் சக்கரப் பக்க முனை மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, இதனால், கார் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். நெம்புகோல் நீண்ட மாதிரி. ஆக விறைப்பைக் கூட்டாமல் உயரத்தை மட்டும் குறைத்தால், கார் முன்னைவிட அதிகமாகச் சாயவும் வாய்ப்புண்டு. மிக அதிகமாக இறக்கிய கார்கள் பார்க்க ரேஸ் கார் போல இருந்தாலும் ஓட்ட அப்படி இருப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 60 மில்லிமீட்டர் இறக்குவதைவிட 30 நல்லது என்று அனுபவமுள்ள ஃபோர்மேன்கள் சொல்வதை நம்பலாம்.

"வெட்டிக்கலாம் தம்பி, காசு மிச்சம்"

ஏதோ ஒரு பட்டறையில் இதைக் கேட்பீர்கள். இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டி எடுத்துவிடுவது. செய்யாதீர்கள்.

வெட்டினால் ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாகும் என்பது உண்மைதான். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் 20 விழுக்காடு விறைப்பு கூடும். ஆனால் ஸ்பிரிங்கின் முனை, அது உட்காரும் தட்டின் பள்ளத்துக்குப் பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டது. வெட்டிய முனை சரியாக உட்காராது. கார் மேட்டில் ஏறிச் சக்கரம் தொங்கும் நேரத்தில் குட்டையான ஸ்பிரிங் தட்டிலிருந்து விலகலாம். திரும்பி உட்காரும்போது இடம் மாறி உட்காரும், அல்லது உட்காராமலே போகும்.

தீயால் சூடாக்கி இறக்குவது இதைவிட மோசம். ஸ்பிரிங் எஃகின் பலம் அதற்குக் கொடுத்த வெப்பப் பதத்தில் இருக்கிறது. தீ பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். இன்று இறங்கிய கார் நாளை இன்னும் இறங்கும், ஒருநாள் உடையும்.

முறையாகச் செய்த குட்டை ஸ்பிரிங், சக்கரம் முழுவதும் தொங்கினாலும் தட்டை விட்டு விலகாத நீளத்தில்தான் வரும். பொருத்திய பிறகு காரை ஜேக்கில் தூக்கி, ஸ்பிரிங்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடக்கூடாது.

அப்சார்பரையும் மாற்ற வேண்டுமா?

ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. அது ஆடிக்கொண்டே இருக்காமல் நிறுத்துவது அப்சார்பர். 25 விழுக்காடு விறைப்பான ஸ்பிரிங்கை அதே அளவுக்கு அடக்க, அப்சார்பரின் பிடியும் சுமார் 12 விழுக்காடு கூட வேண்டும். புதிய அப்சார்பர் இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும். 80,000 கிலோமீட்டர் ஓடி, எண்ணெய் கசிந்து, களைத்துப் போன அப்சார்பர் சமாளிக்காது. நெடுஞ்சாலையில் பாலத்தின் இணைப்பைக் கடந்ததும் கார் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடினால் அதுதான் அறிகுறி.

எப்படியும் ஸ்ட்ரட்டைக் கழற்றத்தான் போகிறார்கள். பழைய காராக இருந்தால் அப்சார்பர், அதன் மேலுள்ள மவுண்டிங், தூசி உறை, பம்ப் ஸ்டாப் எல்லாவற்றையும் அதே நேரத்தில் பார்த்துவிடுவதுதான் சிக்கனம். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டிவரும்.

பட்டறையில் என்ன நடக்கும்?

முன்பக்கத்தில்தான் ஆபத்து. ஸ்பிரிங் ஸ்ட்ரட்டைச் சுற்றி, அமுக்கப்பட்ட நிலையில் பூட்டப்பட்டிருக்கிறது. கம்ப்ரஸர் என்ற கருவியால் இரண்டு பக்கமும் சமமாக இறுக்கி, மேல் தட்டின் மீது அழுத்தம் இல்லை என்று உறுதியான பிறகே நடுவில் உள்ள நட்டைக் கழற்ற வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங்கில் சில நூறு கிலோ விசை அடைபட்டிருக்கும். கம்ப்ரஸர் நழுவினால் அது எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீடியோ பார்த்து வீட்டுப் போர்ச்சில் நீங்களே செய்துபார்க்கும் வேலை இதுவல்ல. நட் போல்ட்டில் ஆர்வம் இருந்தால், பட்டறையில் பக்கத்தில் நின்று பாருங்கள்.

மைவியின் பின்பக்கம் எளிது. அங்கே இருப்பது டார்ஷன் பீம். ஸ்பிரிங்கும் அப்சார்பரும் தனித்தனி. பீமுக்கு ஜேக் முட்டுக் கொடுத்து, அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பீமை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பலர் விட்டுவிடும் ஒரு படி உண்டு. லோவர் ஆர்ம் காரோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. அந்த ரப்பர் சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டு வளைந்து கொடுக்கிறது. கார் இறங்கிய பிறகு அது எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். அதனால் அந்த போல்ட்டைத் தளர்த்தி, கார் நான்கு சக்கரத்திலும் நின்று புதிய உயரத்துக்கு வந்தபின் மீண்டும் இறுக்க வேண்டும். பின் பீமின் புஷ்ஷுக்கும் இதேதான். செய்யாவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. ஓராண்டில் புஷ் கிழிந்து, மேட்டில் ஏறும்போதெல்லாம் 'டக் டக்' என்று சத்தம் வரும், பழி ஸ்பிரிங் மேல் விழும். "புஷ்ஷ லூஸ் பண்ணி, கீழ இறக்கிட்டு டைட் பண்ணுவீங்களா அண்ணே?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வி புரியாத பட்டறை என்றால் வேறு பட்டறை பார்க்கலாம்.

வேலை தொடங்கும் முன் ஒரு டேப் எடுத்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று மாறினாலே கணக்கு மாறிவிடும். முடிந்த பிறகு மீண்டும் அளந்தால் எவ்வளவு இறங்கியது, இடமும் வலமும் ஒரே அளவா என்பது தெரியும்.

அலைன்மெண்ட், விளக்கு, கேமரா

கார் இறங்கியதும் முன்சக்கரங்கள் திரும்பி நிற்கும் கோணமும் சாய்ந்து நிற்கும் கோணமும் மாறும். அலைன்மெண்ட் செய்யாமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு தேயும். வெளியே நின்று பார்த்தால் டயர் புதிது போலத் தெரியும். உள்ளே கம்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். மாலை மழையில் ஓட்டும் ஊரில் அந்த உள்விளிம்புதான் தண்ணீரை வெளியேற்ற வேண்டிய இடம். மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி வைத்து, டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

பொருத்திய அன்றே ஒரு அலைன்மெண்ட். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் தணிந்தபின் இன்னொன்று. இரண்டாவதை யாரும் செய்வதில்லை.

முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு அளவில் இறங்கியிருந்தால் முன்விளக்கின் ஒளியும் ஏறவோ இறங்கவோ செய்யும். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. புதிய மைவியின் பல ரகங்களில் ஏஎஸ்ஏ எனும் பாதுகாப்பு உதவி இருக்கிறது. முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா சாலையைப் பார்த்து மோதல் எச்சரிக்கை கொடுக்கிறது, தேவைப்பட்டால் பிரேக்கும் பிடிக்கிறது. அந்தக் கேமரா, கார் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதை வைத்துச் சீரமைக்கப்பட்டது. ஸ்பிரிங் மாற்றும் முன் சேவை மையத்தில் இதைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

சட்டம், காப்புறுதி

சாலையில் ஓடும் வாகனத்தின் அமைப்பை 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. அமலாக்கம் ஜேபிஜே கையில். கடையில் "லீகல்தான் பாஸ்" என்று சொல்வதை வைத்துக் காசைக் கட்டாமல், உங்கள் கார் மாடலையும் எவ்வளவு இறக்கப் போகிறீர்கள் என்பதையும் சொல்லி ஜேபிஜே கிளையிலேயே கேளுங்கள். டயர் ஃபெண்டரில் உரசும் அளவுக்கு இறக்கிய காரும் வெட்டிய ஸ்பிரிங்கும் சோதனையில் சிக்கினால் எந்த ரசீதும் உதவாது.

காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கார் அப்பா பெயரில் இருந்தால் பாலிசியும் அவர் பெயரில்தான். சொல்லாமல் செய்த மாற்றத்தால் இழப்பீட்டில் சிக்கல் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். "சும்மா ஸ்பிரிங்தானேப்பா" என்று பிறகு சொல்லிப் பயனில்லை. உத்தரவாதக் காலத்தில் உள்ள கார் என்றால், சஸ்பென்ஷன் பாகங்களுக்கான கோரிக்கையை உற்பத்தியாளர் மறுக்கவும் கூடும்.

சரி, போடலாமா வேண்டாமா?

காரில் பெரும்பாலும் நீங்கள் தனியாகவோ இன்னொருவரோடோ போகிறீர்கள், வீட்டுக்கு வேறு காரும் இருக்கிறது என்றால், உங்கள் மாடலுக்கென்றே செய்யப்பட்ட, 30 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காத ஸ்பிரிங், நல்ல அப்சார்பர், இரண்டு அலைன்மெண்ட். ரசித்து ஓட்டலாம். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் மட்டும் கொஞ்சம் நிதானம்.

வீட்டுக்கு அது ஒன்றுதான் கார், வாரந்தோறும் பின்சீட் நிறைகிறது என்றால் ஸ்பிரிங்கைத் தொடாமல் விடுவதே என் கருத்து. வளைவில் நல்ல பிடிதான் வேண்டும் என்றால், அதே பணத்தில் நல்ல டயர் நான்கும், தேய்ந்திருந்தால் புதிய அப்சார்பரும் வாங்குங்கள். வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும், பாட்டிக்கும் முதுகு வலிக்காது. இடைவெளிதான் கண்ணை உறுத்துகிறது என்றால், ஒரு அங்குலம் பெரிய ரிம் பார்வைக்கு அதைக் கொஞ்சம் குறைத்துக் காட்டலாம். டயரின் மொத்த விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

போடுவதென்று முடிவெடுத்தவர்கள் பழைய ஸ்பிரிங் நான்கையும் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். துணியில் சுற்றி, எந்தச் சக்கரத்துடையது என்று எழுதி, ஸ்டோரில் வையுங்கள். காரை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையில் காரின் அடிப்பாகத்தையும் சஸ்பென்ஷனையும் பார்ப்பார்கள். வாங்குபவரும் பெரும்பாலும் ஒரு குடும்பக்காரராகத்தான் இருப்பார், பழைய ஸ்பிரிங் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்.